அடுத்த படுக்கைக்கு நேரமாகிவிட்டது: நோயாளி இறப்பும் செவிலியரின் மனச்சுமையும்

1. கேள்வி

வார்டில் ஒருவர் இறந்துவிட்டார் என மருத்துவர் உறுதிசெய்த பிறகுதான் செவிலியரின் வேலை கூடுகிறது. இதயம் நின்றதைக் காட்டும் ஈ.சி.ஜி. தாளைக் கேஸ் ஷீட்டில் இணைக்க வேண்டும். காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய வழக்கென்றால் உடலில் உள்ள குழாய்களை அப்படியே விட்டுவிட வேண்டும்; இல்லையென்றால் மூக்குக்குழாய், சிறுநீர்க்குழாய், கையிலிருக்கும் ஊசி அனைத்தையும் அகற்ற வேண்டும். பிறகு கண்களை மூடி, தாடையைக் கட்டி, பஞ்சு அடைத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, உடலைத் துடைத்துத் துணி சுற்றிப் பெயர்ச்சீட்டு கட்ட வேண்டும். இறந்தவர் பெண் என்றால் தோடு, மூக்குத்தி, மெட்டி, தாலி என ஒவ்வொன்றாக எண்ணி உறவினரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உடல் பிணவறைக்குப் போனதும் கட்டிலைக் கிருமிநாசினி கொண்டு துடைத்துப் புது விரிப்பு விரிக்க வேண்டும். அதற்குள் கேஷுவாலிட்டியிலிருந்து அடுத்த நோயாளி வந்துவிடுவார். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பத்து மணி ஊசி ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

இந்த வரிசையில் உட்காருவதற்கோ ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கோ இடம் ஒதுக்கப்படவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய் வார்டு, பச்சிளங்குழந்தைகள் பிரிவு ஆகியவற்றில் பணிபுரியும் ஒரு செவிலியர் இந்த வேலைகளைத் தம் பணிக்காலத்தில் எத்தனையோ முறை செய்கிறார். அதனால் அவருக்கு உண்டாகும் மனச்சுமையைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டு வருகிறது. அந்த எழுத்துகளில் பெரும்பகுதி ஒரு முன்முடிவோடு தொடங்குகிறது: சாவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் மனம் தேய்கிறது. பார்ப்பதற்கு வெளிப்படையான உண்மைபோலத் தோன்றும் இக்கூற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. செவிலியரைத் தேய்ப்பது சாவா, அல்லது அந்தச் சாவை அவர் எதிர்கொள்ளும்படி விடப்பட்டுள்ள நிலைமையா? முதலாவதுதான் விடை என்றால் மனநல ஆலோசனையும் மூச்சுப்பயிற்சியும் போதும். இரண்டாவதென்றால் பணியிட எண்ணிக்கையையும் ஊதியத்தையும் அதிகாரப் பகிர்வையும் பற்றிப் பேசியாக வேண்டும்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இத்துறையின் முதல் பெரும் ஆய்வு லண்டனில் நடந்தது. டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ், ஒரு பொது மருத்துவமனையின் செவிலியர் அமைப்பை ஆராய்ந்து 1959-60இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மருத்துவமனை அவரை அழைத்தது மனச்சுமை பற்றி ஆராய அல்ல. மாணவச் செவிலியரின் பயிற்சித் தேவையையும் வார்டுகளின் ஆள் தேவையையும் ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை என்ற நிர்வாகச் சிக்கலுக்காக அழைத்தார்கள். அவர் கண்டதோ வேறு. மருத்துவமனையின் அன்றாட நடைமுறைகளில் பல, நோயும் சாவும் கிளப்பும் பதற்றத்திலிருந்து செவிலியரைக் காப்பதற்காக யாரும் திட்டமிடாமலேயே உருவான அரண்கள் என்றார் மென்சீஸ். ஒரே நோயாளியை ஒரே செவிலியர் முழுமையாகப் பார்க்க விடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, நோயாளியைப் பெயரால் அல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடுவது, சிறு முடிவையும் மேலதிகாரியிடம் தள்ளுவது, ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்ப்பது எனப் பல. இவை பதற்றத்தைத் தீர்க்கவில்லை. தள்ளிப்போட மட்டுமே செய்தன. ஒரு நோயாளியை நன்றாகக் கவனித்தோம் என்ற நிறைவைச் செவிலியரிடமிருந்து பறித்தன. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே வெளியேறினர். அவர்களில் பக்குவமானவர்களும் இருந்தனர் என்பது மென்சீஸின் கசப்பான கண்டுபிடிப்பு.

இவ்வாய்வின் மீது குறைகள் உண்டு. ஒரே ஒரு மருத்துவமனை. ஆழ்மனம் பற்றிய கோட்பாட்டின் கண்ணாடி. வேலைப்பளுவைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் அரண்களைப் பற்றிய பேச்சு. ஆனாலும் வேலையைத் துண்டாக்கும் வழக்கம் இங்கு எவ்வளவு இயல்பாக நிலைத்திருக்கிறது என்று பார்க்கும்போது மென்சீஸைப் புறந்தள்ள முடியவில்லை. நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் ஒருவர் ஊசி போடுவார், ஒருவர் பதிவேடு எழுதுவார், ஒருவர் மருந்து வாங்கி வருவார். ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நம் செவிலியர் படுக்கை எண்ணைச் சொல்வார்கள். அதோடு உறவுமுறையையும் சேர்த்துச் சொல்வார்கள். ‘பன்னிரண்டாம் பெட் தாத்தா’ என்பது ஒரே மூச்சில் விலக்கவும் செய்கிறது, அணைக்கவும் செய்கிறது. மென்சீஸ் கண்ட அரணில் இங்கே ஒரு சுவர் தொடக்கத்திலிருந்தே இல்லை.

அமெரிக்காவில் வேறொரு வழி திறந்தது. சான்பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் களப்பணி செய்த பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1965இல் ஒரு நூலை வெளியிட்டனர். சாகப்போவதை யார் அறிவார், யார் அறியார், அறிந்தும் அறியாததுபோல யார் நடிக்கிறார் என்பதைப் பொறுத்து வார்டின் உறவுகள் எப்படி அமைகின்றன என்பதே அந்நூலின் பொருள். அவர்களோடு பணியாற்றிய செவிலியப் பேராசிரியர் ஜீன் குவின்ட் 1967இல் சாகும் நோயாளியையும் செவிலியரையும் பற்றித் தனி நூலே எழுதினார். இறந்தவரின் வயது, கல்வி, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைக் கொண்டு அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று வார்டு ஊழியர்கள் தங்களையறியாமலே கணக்கிடுகிறார்கள் என்ற கிளேசர், ஸ்ட்ராஸ் இருவரின் அவதானிப்பு நமக்கும் அந்நியமானதல்ல. தொண்ணூறு வயதில் பேரப்பிள்ளைகள் சூழ இறப்பவரைக் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லும் சமூகம் இது. பிரசவத்தில் இறந்த பெண்ணையும் அந்தத் தாத்தாவையும் எந்தச் செவிலியரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருப்பதில்லை.

பின்னர் வந்தவை பெரும்பாலும் பெயர்கள். 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் பணிச்சோர்வைப் பற்றி எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு வினாநிரலை உருவாக்கினர்: உணர்ச்சி வறட்சி, நோயாளியை ஆளாகக் கருதாமை, சாதித்தோம் என்ற எண்ணம் குன்றுதல் என மூன்று முனைகள். 1983இல் ஆர்லி ஹாக்ஷில்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக உணர்ச்சியை ஆள்வதும் உழைப்பே என்று காட்டினார். 1992இல் பாம் ஸ்மித் அக்கருத்தைச் செவிலியப் பணிக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு செவிலியர் கார்லா ஜாய்ன்சன் பரிவுச் சோர்வு என்ற கருத்தை முன்வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாக அல்லாமல் பணியிடம் சார்ந்த நிகழ்வாகப் பதிவுசெய்துள்ளது. இந்த வேறுபாட்டை நம் மருத்துவமனை நிர்வாகங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவற்றுள் எனக்கு அதிகப் பயனுள்ளதாகப் படுவது, மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984இல் முன்வைத்த அறத்துயர் என்னும் கருத்து. எது சரி என்று செவிலியருக்குத் தெரியும். அதைச் செய்ய நிறுவனம் இடம் தராது. இந்த முரணில் பிறக்கும் துயரை இரக்க மிகுதி என்றோ மனப்பலவீனம் என்றோ விளக்க முடியாது.

3. அளவுகோலின் பிழை

சாவுதான் காரணம் என்ற கூற்று உண்மையானால் ஒரு விளைவு தவறாமல் தொடர வேண்டும். சாவு மிகுந்த இடத்தில் சோர்வும் மிகுந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இறுதிநிலை நோயாளிகளை மட்டுமே பராமரிக்கும் இல்லங்களின் செவிலியர்கள்தாம் எல்லாரையும்விடச் சிதைந்திருக்க வேண்டும். சான்று அப்படிச் சொல்லவில்லை. கனடாவைச் சேர்ந்த மேரி வாச்சன் ஏறத்தாழ 600 பராமரிப்பாளர்களை நேர்கண்டு 1987இல் வெளியிட்ட நூலில், அவர்களின் மன அழுத்தத்துக்குக் காரணமானவற்றில் பெரும்பகுதி பணிச்சூழலையும் பணிப்பொறுப்பையும் சார்ந்தது, சாகும் நோயாளிகளோடு இருப்பதால் மட்டும் நேர்வதன்று என்று காட்டினார். 1995இல் அவர் செய்த தொகுப்பாய்வு மேலும் ஒருபடி சென்றது. வலிதணிப்புப் பராமரிப்பில் இருப்போரின் பணிச்சோர்வு மற்ற துறையினரைவிடக் குறைவாகவே காணப்பட்டது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இறுதிநிலைப் பராமரிப்புக்கு வருபவர்கள் தாமே விரும்பி வருகிறார்கள். தாங்க முடியாதவர்கள் விலகிவிடுகிறார்கள். எஞ்சியவர்களை அளந்தால் சோர்வு குறைவாகத்தான் தெரியும். மறுப்பு நியாயமானது, ஆனால் முழு விடையல்ல. விருப்பத்தோடு வந்தவருக்குச் சாவு தாங்கக்கூடியதாகிறது என்றால், சாவு தன்னளவில் தாங்க முடியாதது என்ற கூற்று அங்கேயே தளர்ந்துவிடுகிறது. நம்மூரில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ புற்றுநோய் வார்டுக்கோ செவிலியர் பெரும்பாலும் டூட்டிப் பட்டியல் போடுபவரின் பேனாவால் அனுப்பப்படுகிறார். வாச்சனின் முடிவை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பதற்கும் இங்கே நிலைமை இன்னும் மோசமாக இருக்கக்கூடும் என்பதற்கும் இதுவே காரணம்.

அளவுகோலிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. செவிலியர் மன அழுத்த ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுவது கிரே-டாஃப்ட், ஆண்டர்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட வினாநிரல். அதில் 34 வினாக்கள், ஏழு பிரிவுகள். சாவும் சாகும் நிலையும் ஒரு பிரிவு. வேலைப்பளு மற்றொரு பிரிவு. மருத்துவரோடு முரண், ஆதரவின்மை போன்றவை பிற. இப்படிப் பிரித்து மதிப்பெண் போட்டால் சாவுக்கு எத்தனை, வேலைக்கு எத்தனை என்ற பட்டியல் கிடைக்கும். நம் செவிலியர் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகள் பல இத்தகைய பட்டியலை வாங்கி, ஒரு பயிற்சி வகுப்பு நடத்தி, மறுபடியும் அளந்து, மதிப்பெண் குறைந்துவிட்டதாக முடிக்கின்றன. வகுப்பு எடுத்த பிறகு மதிப்பெண் மாறாத ஆய்வேட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாழ்க்கையில் இவை தனித்தனிப் பிரிவுகளாக வருவதில்லை. லிண்டா ஐக்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியரிடமும் திரட்டிய தரவுகளை 2002இல் வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியருக்குப் பணிச்சோர்வு நேரும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாக அவ்வாய்வு கண்டது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2014இல் நடந்த ஆய்விலும் இறப்பு பற்றிய அதே 7 சதவீதம் தென்பட்டது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை ஐயமற நிறுவுபவை அல்ல. ஆனால் அவை சுட்டும் திசை தெளிவானது. ஆள் குறையும்போது சோர்வு மட்டும் கூடுவதில்லை, சாவும் கூடுகிறது. இன்னும் ஒருவர் டூட்டியில் இருந்திருந்தால் அந்த மூச்சுத்திணறலைப் பத்து நிமிடம் முன்பே கவனித்திருக்கலாமே என்று ஒரு செவிலியர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நினைப்பைச் சாவு என்ற பிரிவில் எழுதுவதா, வேலைப்பளு என்ற பிரிவில் எழுதுவதா? இரண்டில் எதில் எழுதினாலும் பாதி உண்மை விடுபடும்.

4. அறிந்தவர், சொல்ல இயலாதவர்

கிளேசரும் ஸ்ட்ராஸும் கண்ட அமெரிக்க வார்டில் மருத்துவருக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. இந்திய வார்டில் மூன்றாவதாக ஒரு தரப்பு எப்போதும் நிற்கிறது: குடும்பம். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொள்ளும். குடும்பத்திலும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மூத்த மகன் கேட்டுக்கொள்வார். மருத்துவர் ஒருமுறை வந்து நிலைமையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு எட்டு மணி நேரமும் கதவருகே காத்திருந்து, ‘எப்படி இருக்காரு சிஸ்டர்?’ என்று கேட்கப்படுபவர் செவிலியர். நோயின் போக்கைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போவதை அவர் ஒவ்வொரு மணி நேரமும் தம் கையால் எழுதுகிறார். ‘டாக்டர் வந்து சொல்வாங்க’ என்பதே அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே விடை. அவ்விடையைக் கேட்டவர்கள் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று முடிவுகட்டுவதும் உண்டு.

மேலைநாட்டு ஆய்வுகளில் அறத்துயர் பெரும்பாலும் பயனற்ற சிகிச்சையைத் தொடர்வதால் வருகிறது. இங்கே எதிர்த்திசையிலிருந்தும் வருகிறது. பிழைக்க வாய்ப்புள்ளவரைப் பணம் தீர்ந்ததால் வெண்டிலேட்டரிலிருந்து விடுவித்துக் கூட்டிச்செல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்படும். ஆம்புலன்ஸில் ‘ஆம்பு’ எனப்படும் செயற்கைச் சுவாசப் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தபடி அந்த உடலை ஊர் கொண்டுசேர்ப்பார்கள்; வீட்டு வாசலில் பை நிறுத்தப்படும். வெளியே இறந்த உடலை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கும் வழக்கம், பிரேதப் பரிசோதனை பற்றிய அச்சம், ஏறிக்கொண்டே போகும் பில் என இதற்குக் காரணங்கள் பல. அத்தனையும் புரிந்துகொள்ளத்தக்கவையே. ஆனால் குழாய்களைச் சரிசெய்து அந்த ஸ்ட்ரெச்சரை வாசல்வரை தள்ளிச் செல்லும் செவிலியர் இம்முடிவில் எங்கும் கலந்தாலோசிக்கப்பட்டவர் அல்லர்.

சட்டமும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9இல் வழங்கிய தீர்ப்பும், அதன் நடைமுறைகளை எளிதாக்கி 2023 ஜனவரியில் பிறப்பித்த ஆணையும் இரண்டு மருத்துவக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. அவற்றில் சிகிச்சை தரும் மருத்துவரும் துறை வல்லுநர்களும் இடம்பெறுவர். நோயாளியின் அருகே அதிக நேரம் இருக்கும் செவிலியருக்கு அக்குழுக்களில் இடமில்லை.

விதிவிலக்காக ஒரு வழக்கு இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தம் பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, மீளா நினைவிழப்பில் 42 ஆண்டுகள் அம்மருத்துவமனையிலேயே கிடந்தார். அவரைத் தலைமுறை தலைமுறையாகச் செவிலியர்களே பராமரித்தார்கள். உணவு செலுத்துவதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அருணாவின் சார்பில் முடிவெடுக்கும் உரிமை விரானிக்கு இல்லை, அவரைப் பராமரித்துவந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றார்கள். 2015 மே 18இல் அவர் நிமோனியாவால் இறந்தபோது இறுதிச்சடங்கிலும் அவர்கள் பங்கேற்றார்கள். அவர்களின் முடிவு சரியா என்று விவாதிக்கலாம். நான் முழுமையாக ஏற்பவன் அல்லன். ஆனால் பராமரித்தவர் என்பதாலேயே செவிலியருக்குக் குரல் உண்டு என்று இந்திய நீதிமன்றம் ஏற்ற அரிய தருணம் அது. படுக்கையில் கிடந்தவரும் ஒரு செவிலியராக இல்லாவிட்டால் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

5. துக்கத்துக்கு உரிமை

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சில துக்கங்களைச் சமூகம் துக்கமென்றே ஏற்பதில்லை. துக்கப்படுபவருக்கு அந்த உரிமை இல்லை என்று கருதுகிறது. முன்னாள் மனைவியின் துக்கம், ரகசியக் காதலரின் துக்கம் போன்றவை இதில் அடங்கும். செவிலியரின் துக்கமும் இவ்வகையே.

தமிழ்ச் சமூகத்தில் இதன் கூர்மை அதிகம், ஏனெனில் துக்கத்துக்கு நாம் மிக விரிவான ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கிறோம். யார் அழலாம், யார் எத்தனை நாள் தீட்டுக் காக்க வேண்டும், யார் கோடி போட வேண்டும், எந்த நாளில் பால் தெளிக்க வேண்டும், பதினாறாம் நாள் என்ன என்று எல்லாவற்றுக்கும் முறையுண்டு. பெண்கள் கூடி ஒப்பாரி வைத்து அழுவதற்கு ஒரு கலைவடிவமே உண்டு. துக்கம் விசாரிக்கப் போகாதவரோடு பல ஆண்டுகள் பேச்சு நின்றுபோகும் அளவுக்கு அது கடமை. தாடைக்கட்டு, கால்விரல் கட்டு, உடலைத் துடைத்தல் என வீட்டில் உறவினரோ அதற்கென உள்ளவர்களோ செய்யும் வேலையை மருத்துவமனையில் செவிலியர் செய்கிறார். வேலை அவருக்கு வந்துசேர்ந்தது. அதற்கு நம் மரபு வகுத்த நாட்களும் அழுகையும் விசாரிப்பும் வந்துசேரவில்லை.

வந்துசேர்ந்தது வேறொன்று. உடற்கழிவையும் பிணத்தையும் தொடும் வேலை சாதிய மனத்தில் இழிவானது. தென்னிந்தியச் செவிலிய வரலாற்றை மதம், சாதி, பாலினம் ஆகியவற்றோடு இணைத்து ஆராய்ந்த மீரா ஆபிரகாமின் 1996ஆம் ஆண்டு நூல், மிஷனரிகள் இப்பணியைக் கட்டமைத்தபோது எதிர்கொண்ட தயக்கங்களை விரிவாகக் காட்டுகிறது. நெடுங்காலம் கிறித்தவப் பெண்களே இப்பணியில் மிகுதியாக இருந்ததற்கு அத்தயக்கமும் ஒரு காரணம். அத்தயக்கத்தை வெல்லத் தொண்டு, தியாகம், தேவதை என்ற சொல்லாடல் உதவியது. விலையும் கேட்டது. தேவதைக்குச் சோர்வு வரக்கூடாது, சம்பளம் கேட்கக்கூடாது, அழக்கூடாது. ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் சரோஜாதேவி ஏற்ற செவிலியர் பாத்திரம் தொடங்கி, தமிழ்த் திரை செவிலியரைத் தியாகியாகவோ நகைச்சுவைக்கு உரியவராகவோ காட்டியதே அதிகம்; இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற உழைப்பாளியாகக் காட்டியது குறைவு.

நிறுவனம் இறப்பைக் கவனிப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய்மார் இறப்பும் முறையாகத் தணிக்கை செய்யப்படுகிறது. மாநிலம் தாய்மார் இறப்பைக் குறைத்ததில் அதற்குப் பெரும்பங்குண்டு, அது தொடர வேண்டும். ஆனால் அந்த விசாரணை மேசையில் செவிலியர் பதில் சொல்பவராக மட்டுமே அமர்கிறார். எத்தனை மணிக்கு ரத்தப்போக்கைக் கண்டாய், யாருக்குத் தகவல் சொன்னாய், ஏன் எழுதவில்லை? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். அதே பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர்வரை ஓடியவர் அவர் என்பது பற்றி அந்த அறையில் கேள்வி எழுவதில்லை.

6. பெருந்தொற்று காட்டியது

கொரோனா காலத்தில் உறவினர் உள்ளே வர முடியாதபோது இறப்புப் படுக்கையருகே எஞ்சியவர் செவிலியர் ஒருவரே. கவச உடைக்குள் வியர்த்தபடி, கைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக் குடும்பத்தோடு கடைசியாகப் பேசவைத்தவர்கள் பலர். மகன் செய்ய வேண்டியதை அந்நியர் செய்தார் என்று நாடே நெகிழ்ந்தது, கைதட்டியது. 2020 ஜனவரிக்கும் 2021 மேக்கும் இடையே உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதாவது செவிலியர் நோயாளியின் சாவை மட்டுமல்ல, சக பணியாளரின் சாவையும் தம் சாவின் சாத்தியத்தையும் ஒருசேர எதிர்கொண்டனர்.

தமிழ்நாட்டில் இதன் தொடர்ச்சி என்ன? 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே ஆயிரக்கணக்கான செவிலியர் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டிருந்தனர்; தொடக்க ஊதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் திரண்டு பணிநிரந்தரம் கேட்டுப் போராடினர். பெருந்தொற்றின்போது மேலும் ஆயிரக்கணக்கானோர் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. தனியார் துறையின் நிலையும் தெரிந்ததே: உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணையையொட்டி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகளில்கூடச் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகாததால் சிறு மருத்துவமனைகள் பல அதைக் கண்டுகொள்வதில்லை.

இதை மனச்சுமைக் கட்டுரையில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஒரு நோயாளியின் சாவுக்குப் பொருள் கற்பித்துக்கொள்ள, ‘என்னால் முடிந்ததைச் செய்தேன், அது மதிக்கப்பட்டது’ என்ற இரண்டு நினைவுகள் தேவை. ஆள் பற்றாக்குறை முதலாவதைக் கெடுக்கிறது. ஒப்பந்தக் கடிதம் இரண்டாவதைக் கெடுக்கிறது.

7. தீர்வு எனப்படுபவை

வெளிநாடுகளில் சில சிறு முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியர் ஜொனாதன் பார்ட்டல்ஸ், ஒருவர் இறந்ததும் குழுவினர் அனைவரும் சற்று நேரம் அமைதியாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அது பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. 1995இல் புற்றுநோயால் இறந்த போஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரால், மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை கூடிப் பணியின் உணர்ச்சிப் பக்கத்தைப் பேசும் அமர்வுகள் தொடங்கி இங்கிலாந்திலும் பரவின. தொடர்ந்து கலந்துகொண்டவர்களின் மனத்துயர் குறைந்ததாக இங்கிலாந்து மதிப்பாய்வு கூறியது. ஆனால் வார்டை விட்டு வர முடியாததால் செவிலியர்களே குறைவாகக் கலந்துகொள்ள முடிந்தது என்பதையும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. ஆள் இல்லாத இடத்தில் ஆறுதல் கூட்டமும் நடக்காது.

எல்லா ஆறுதலும் நன்மை செய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறையை ஆராய்ந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, அதனால் பின்விளைவுகள் தடுக்கப்படவில்லை, சிலருக்குத் தீங்கும் நேர்ந்திருக்கலாம் என்று கண்டது. எனவே ஒவ்வொரு இறப்புக்குப் பிறகும் கட்டாய ஆலோசனை என்று ஆணையிடுவது விவேகமல்ல.

இங்கே நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உள்ளது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் வளர்ந்து, 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு வீடாகச் செல்கின்றனர். அவர்கள் பராமரிப்பவர்களில் பலர் இறக்கிறார்கள். ஆனால் அச்செவிலியர் அந்த நோயாளியைப் பல மாதங்கள் அறிந்தவர். வலியைக் குறைக்க மருந்தும் வழியும் கையில் உள்ளவர். குடும்பத்தோடு வெளிப்படையாகப் பேச அனுமதி பெற்றவர். இறப்புக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்று வருவதும் வலிதணிப்புப் பராமரிப்பின் பகுதியாகவே கருதப்படுகிறது. நம் மரபில் உள்ள துக்கம் விசாரித்தல் அங்கே பணியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டு வலிதணிப்புச் சேவை உண்டு. இத்திட்டத்தின் வலிதணிப்புச் செவிலியரின் அனுபவத்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரின் அனுபவத்தையும் ஒப்பிட்டு ஆராய்வது, இக்கட்டுரையின் கேள்விக்கு நம் மண்ணிலிருந்தே விடை தரும். முதுநிலை ஆய்வேடு எழுதுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைகளுக்குக் கேட்க வேண்டியவை சில. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நோயாளிக்கு மேல் ஒரு செவிலியரிடம் ஒப்படைக்கக் கூடாது. இறப்பு நேர்ந்தால் அவரது மற்ற படுக்கைகளை அரைமணி நேரம் வேறொருவர் பார்க்கும் ஏற்பாடு டூட்டிப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். குடும்பத்திடம் நிலைமையைச் சொல்லும்போது செவிலியரும் உடன் இருக்க வேண்டும். சிகிச்சையை நிறுத்துவது பற்றி முடிவெடுக்கும் குழுவில் அவர் உறுப்பினராக வேண்டும். பிணவேலை தெரிந்தவர்கள் என்பதற்காகச் சில செவிலியரையே தொடர்ந்து இறப்பு மிகுந்த பிரிவுகளில் வைத்திருக்கும் வழக்கம் நிற்க வேண்டும். எதற்கும் முதலில், நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். செவிலியர் தினமான மே 12 அன்று மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கவைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இரவுப் பணிக்கு இன்னொருவரை நியமிக்க ஆண்டுதோறும் சம்பளம் தர வேண்டும். முதலாவதை மட்டும் செய்யும் எந்த நிர்வாகமும், அரசாயினும் தனியாராயினும், தன் செவிலியரின் மனநலம் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது.